எங்க ஊரு பி.எச்.சி.க்கு என் ரிவ்யூ: ஆளுங்களுக்கு அஞ்சு ஸ்டார், ஏற்பாட்டுக்கு ரெண்டு

ஓட்டலுக்கு ரிவ்யூ போடுறோம், செல்போன் கடைக்குப் போடுறோம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மட்டும் யாரும் உக்காந்து எழுதுறதில்ல, எழுதுனாலும் "டாக்டர் லேட்டு, கூட்டம் ஜாஸ்தி"ன்னு ஒரு வரி, ஒரு ஸ்டார், அதோட முடிஞ்சிரும். எங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்தப் பத்தி (அதான் பி.எச்.சி.) முழுசா எழுதணும்னு 2023 வெள்ளம் வடிஞ்சதுலருந்து நெனச்சிட்டே இருக்கேன். எங்க ஊரு ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவுல, தாமிரபரணிக் கரைய ஒட்டி, சுத்தி வாழத்தோட்டம். ஊர் பேரையும் ஆளுங்க பேரையும் போடல, நான் எழுதுறதுனால அங்க வேல பாக்குற ஒருத்தருக்கும் மேலருந்து கேள்வி வந்துரக் கூடாது.

மொதல்ல சாதாரண நாள் எப்டின்னு சொல்லிர்றேன். ஓ.பி. காலைல 9 மணிலருந்து சாயங்காலம் 4 வரைக்கும், சீட்டுக்கும் காசு கெடையாது மாத்திரைக்கும் காசு கெடையாது. செவ்வாக்கெழம கர்ப்பிணிங்களுக்கு செக்கப், புதன்கெழம பிள்ளைங்களுக்குத் தடுப்பூசி, அந்த ரெண்டு நாளும் காய்ச்சல் சளின்னு போனா கொஞ்சம் காத்துக் கெடக்கணும். ஃப்ரீயா குடுக்குற மாத்திரை வேல செய்யாதுன்னு சொல்றவங்க எங்க தெருவுலயும் உண்டு, எங்கம்மா ஒம்பது வருசமா சுகருக்கும் பிரஷருக்கும் இங்க வாங்குறதத்தான் சாப்பிடுறாங்க, கண்ட்ரோல்லதான் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்ச பெறகு அதுக்கும் அலைய வேண்டியதில்ல, எம்.டி.எம். அக்கா ஒருத்தங்க பையில குளுக்கோமீட்டரும் பிரஷர் மெசினும் போட்டுட்டு வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போவாங்க. எங்கம்மாக்கு முட்டு வலி, நடக்க மாட்டாங்க, அதனால இது எவ்ளோ பெரிய விசயம்னு வீட்ல இருக்குற எங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப வெள்ளத்துக்கு வர்றேன், ஏன்னா ஒரு ஆஸ்பத்திரி நல்லதா இல்லையான்னு அந்தப் பத்து நாள்லதான் எனக்குத் தெரிஞ்சது.

டிசம்பர் 17, ஞாயித்துக்கெழம. புடிச்ச மழ விடவே இல்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு பெறகு பேப்பர்ல போட்டாங்க, திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. வருசம் முழுக்க எங்க மாவட்டத்துல பெய்யிற மழைய ஒரு ராத்திரி ஒரு பகல்ல கொட்டிட்டுப் போயிட்டு. மேல டேம் தண்ணியும் ஆத்துல சேந்து வந்து, குளம் எல்லாம் ஒடச்சு, திங்கக்கெழம விடியும்போது எங்க ஊரு தீவு. வெளிய இருக்குறவங்களுக்குத் தெரிஞ்சது ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல 800 பேரோட நின்னுபோன திருச்செந்தூர் ரயில்தான், அது பெரிய கஷ்டம், இல்லன்னு சொல்லல. ஆனா டிவிக்காரங்க வர முடியாத எத்தனையோ ஊர்ல கரண்டு இல்ல, டவர் இல்ல, குடிக்கத் தண்ணி இல்லாம மொட்ட மாடில உக்காந்திருந்தோம்.

பி.எச்.சி. கட்டிடத்துக்குள்ள நெஞ்சளவு தண்ணி. ஜெனரேட்டர் தரையிலதான் வச்சிருந்தாங்க, அது மொத ராத்திரியே மூழ்கிட்டு. மருந்து ரூம்ல கீழ் ரெண்டு தட்டு மருந்தும் போச்சு. பக்கத்துல இருந்த தனியார் கிளினிக் பன்னெண்டு நாள் தெறக்கல, அவங்க மெசினும் சேத்துல போனது எனக்குத் தெரியும், அவங்களக் கொற சொல்லல. ஆனா இந்தப் பன்னெண்டு நாளும் எங்க ஊருக்கு வைத்தியம்னு ஒண்ணு நடந்துச்சுன்னா அது பி.எச்.சி. ஆளுங்க ஸ்கூல் மாடில எச்.எம். டேபிள்ல நடத்துனதுதான்.

யாரு யாரு இருந்தாங்கன்னு சொல்றேன். ஞாயித்துக்கெழம நைட் டூட்டிக்கு வந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க. ஒப்பந்தத்துல வேல, ஊரு நாசரேத் பக்கம். திங்கக்கெழம காலைல அவங்கள மாத்தி விட வேண்டிய ஆளு வர முடியல, ரோடே இல்ல, எங்கருந்து வர. அவங்க வீட்டுக்குப் போனது வியாழக்கெழம. நாலு நாள். நடுவுல போன் இல்லாம அவங்க வீட்ல இவங்க உயிரோட இருக்காங்களான்னே தெரியாம இருந்திருக்காங்க. ரெண்டாவது, எங்க ஊரு நர்சம்மா, அதான் வி.எச்.என்., கிராம சுகாதார செவிலியர், கீழத்தெருவுல வாடகைக்கு இருந்தாங்க, அந்த வீட்டுல தண்ணி ஓடு வரைக்கும் ஏறிட்டு, மாமியாரையும் ஏழு வயசுப் பையனையும் கூட்டிட்டு கட்டுன சேலையோட ஸ்கூல் மாடிக்கு வந்தவங்க. மூணாவது எம்.டி.எம். அக்கா, அவங்களது மண்சுவர் வீடு, ஒரு பக்கம் இடிஞ்சே போச்சு. நாலாவது தூய்மைப் பணியாளர் ஒரு அண்ணாச்சி. டாக்டரம்மா தூத்துக்குடில மாட்டிக்கிட்டாங்க, அவங்க தெருவுலயும் வெள்ளம், புதன்கெழம மத்தியானம் எப்படியோ ஒரு டிராக்டர்ல ஏறி வந்து சேந்தாங்க, வந்ததும் உக்காரக்கூட இல்ல.

ஞாயித்துக்கெழம ராத்திரி தண்ணி உள்ள வர ஆரம்பிச்சப்போ அந்த ஸ்டாஃப் நர்சும் அண்ணாச்சியும் மொத வேலையா என்ன தூக்குனாங்கன்னு நெனைக்கிறீங்க? தடுப்பூசி. ஐ.எல்.ஆர்.ன்னு ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கும், ரெண்டுலருந்து எட்டு டிகிரிக்குள்ள வச்சிருக்கணும், அதுலருந்து எடுத்து ஐஸ் பேக் அடுக்குன பெட்டில மாத்தி, அண்ணாச்சி தலையில வச்சு இடுப்பளவு தண்ணில ஸ்கூல் வரைக்கும் நடந்திருக்காரு. பெறகு நான் நர்சம்மாட்ட கேட்டேன், நாலு நாள் கரண்டு இல்லாம ஊசி மருந்து கெட்டுப் போயிருக்காதான்னு. அவங்க ஒரு பாட்டில எடுத்துக் காட்டுனாங்க, லேபிள்ல சின்னதா ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சதுரம் இருக்கு. சூடு பட பட உள்ள இருக்குற சதுரம் கருத்துக்கிட்டே வரும், வட்டத்தோட நெறத்துக்கு வந்துட்டா தூக்கிப் போட்டுரணும், இன்னும் வெளுப்பா இருந்தா பிள்ளைக்குப் போடலாம். சில ஊசி சூடு தாங்கும் ஆனா ஐஸ்ஸா ஒறஞ்சா கெட்டுரும், அதனால ஐஸ் மேல நேரா படாம வைக்கணுமாம். ஒவ்வொரு பாட்டிலா டார்ச் அடிச்சுப் பாத்து, சந்தேகமா இருந்ததெல்லாம் தனியா ஒதுக்கி எழுதி வச்சிட்டாங்க. அத்தன கஷ்டத்துலயும் "பரவால்ல போட்ருவோம்"னு ஒரு பாட்டிலுக்குக்கூட விட்டுக் குடுக்கல. இந்த ஒரு விசயத்துக்கே நான் அஞ்சு ஸ்டார் குடுத்துருவேன்.

செவ்வாக்கெழம சாயங்காலம் எம்.டி.எம். அக்கா எங்க வீட்டு மாடிப்படி ஏறி வந்து நின்னாங்க. கழுத்து வரைக்கும் நனைஞ்சிருந்தாங்க, கையில ஒரு பிளாஸ்டிக் கவர். வீடு இடியிறதுக்கு முன்னாடி அந்த மாசத்து மாத்திரையெல்லாம் உத்திரத்துல கட்டித் தொங்க விட்டுட்டு வந்திருக்காங்க, தண்ணி கொஞ்சம் எறங்குனதும் போயி அத எடுத்துட்டு, ஒவ்வொரு மாடியா ஏறி எறங்கிட்டு இருக்காங்க. நோட்டு போச்சு, ஆனா யாருக்கு என்ன மாத்திரைன்னு மனப்பாடம். "பெரியம்மாக்கு சுகர் மாத்திரை காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, பிரஷருக்கு அஞ்சு மில்லி ஒண்ணு, ஊசி எங்க வச்சிருக்கியோ?"ன்னு கேட்டாங்க. அம்மாக்கு ராத்திரி இன்சுலினும் உண்டு, ஃப்ரிட்ஜ் இல்லாம அது என்னாகுமோன்னு நாங்க பயந்துட்டு இருந்தோம். தெறந்து பாதி போட்டுட்டு இருக்குற பாட்டில் வெயில் படாம இருந்தா ஒரு மாசம் தாங்கும், தெறக்காதத ஒரு டப்பால போட்டு மூடி, ஈர மண்பானைக்குள்ள தண்ணி படாம வையின்னு சொல்லிக் குடுத்துட்டு அடுத்த மாடிக்குப் போயிட்டாங்க. எங்கம்மா அழுதுட்டாங்க. "அவ வீடே விழுந்து கெடக்கு, எனக்கு மாத்திர கொண்டு வந்திருக்கா பாரு"ன்னு.

எங்க மயினிக்கு, அதான் அண்ணன் பொண்டாட்டிக்கு, அப்ப ஒம்பதாவது மாசம். சாதாரணமா புயல் வருதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, பேறுகாலத் தேதி நெருங்குனவங்களப் பூரா லிஸ்ட் எடுத்து ரெண்டு மூணு நாளுக்கு முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரில கொண்டு சேத்துருவாங்க, கடலோர மாவட்டத்துல இது வழக்கமான ஏற்பாடு, ரொம்ப நல்ல ஏற்பாடு. இந்தத் தடவ எங்க ஊர்ல அதுக்கு நேரமே இல்ல. நர்சம்மாவோட ரெஜிஸ்டர் பூரா நனைஞ்சு களி மாதிரி ஆயிட்டு, கிளாஸ் பெஞ்சுல ஒவ்வொரு பக்கமா விரிச்சுக் காயப் போட்டிருந்தாங்க, ஆனா டிசம்பர் ஜனவரில தேதி இருக்குற பதினோரு பேரும் எந்தத் தெரு, எத்தனாவது பிரசவம், யாருக்கு ரத்தம் கம்மின்னு வாயாலயே சொல்றாங்க. செவ்வாக்கெழம செக்கப் நாள்ங்கிறதுனால அன்னைக்கு ஸ்கூல் மாடிலயே செக்கப்பும் நடந்துச்சு, வர முடிஞ்ச ஆறு பேருக்கு. மயினிக்குக் காலு வீங்கியிருந்துச்சு, தலவலின்னு வேற சொன்னாங்க, நாங்க அது பயத்துலயும் தூக்கம் இல்லாததுலயும்னு நெனச்சோம். பிரஷர் பாத்தா 150க்கு 100. நர்சம்மா மூஞ்சி மாறுனத நான் பாத்தேன், ஆனா மயினிட்ட சிரிச்சுக்கிட்டேதான் பேசுனாங்க, அங்க இருந்த மாத்திரையக் குடுத்துட்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ராத்திரி பூரா பிரஷர் பாத்துட்டே இருந்தாங்க. மறுநாள் கடக்கரைலருந்து மீனவர் அண்ணன்மார் ஃபைபர் போட்டோட வந்தாங்க (அவங்களுக்குத் தனியா ஒரு ரிவ்யூ எழுதணும், எழுதுவேன்), அதுல மயினியையும் எங்க அண்ணனையும் ஏத்தி, நர்சம்மாவே கூட உக்காந்து மெயின் ரோடு வரைக்கும் போயி 108ல ஏத்திவிட்டாங்க. சுத்தி சுத்தி பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேர சாயங்காலம் ஆயிட்டு. அன்னைக்கு ராத்திரியே பொம்பளப் பிள்ள பொறந்துச்சு, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. கொஞ்சம் விட்டிருந்தா ஜன்னி வந்திருக்கும்னு அங்க டாக்டர் சொன்னாங்க.

நர்சம்மா மயினிய அனுப்பிட்டு அதே போட்டுல திரும்பி வந்தாங்க. அவங்க பையனுக்கு அன்னைக்குக் காய்ச்சல். இது எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்.

தண்ணி வடிஞ்ச பெறகு நடந்ததையும் சொல்லணும். மத்த மாவட்டத்துலருந்து டாக்டர்ங்க நர்சுங்க வேன்ல வந்து தெருவுக்குத் தெரு கேம்ப் போட்டாங்க, மருந்துக்குப் பஞ்சமே இல்ல, அதக் கண்டிப்பா பாராட்டணும். சேத்துப்புண்ணு இல்லாத காலே ஊர்ல இல்ல. தண்ணில நடந்தவங்களுக்கு எலிக்காய்ச்சல் வராம இருக்க டாக்ஸிசைக்ளின் வாரம் ஒரு தடவ குடுத்தாங்க, கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் அது ஆகாதுன்னு பாத்துப் பாத்துக் கேட்டுக் குடுத்தாங்க. ஹெல்த் இன்ஸ்பெக்டரும் கொசு ஒழிப்பு வேல பாக்குற மஸ்தூர் ஆளுங்களும் கெணறு, டேங்க் எல்லாத்துக்கும் பிளீச்சிங் போட்டு குளோரின் இருக்கான்னு தெனமும் செக் பண்ணாங்க. இத்தன பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் எங்க ஊர்ல ஒரு காலரா கேஸ்கூட வரல. வராத நோய யாரும் செய்தில போட மாட்டாங்க, அதுக்காகத்தான் இங்க எழுதுறேன்.

இப்ப ரெண்டு ஸ்டாருக்கு வர்றேன். கேம்ப் போட வந்தவங்க ரெண்டு வாரத்துல கெளம்பிட்டாங்க, அது நியாயம்தான், அவங்களுக்கும் ஊரு இருக்கு. அதுக்கப்புறம் எல்லாமே பழைய ஆளுங்க தலையிலதான். வீடு போன நர்சம்மாக்கு வீட்டச் சுத்தம் பண்ண ஒரு வாரம் லீவு கெடச்சதா? கேட்டேன். "நான் லீவு போட்டா எனக்குப் பதிலா யாரும்மா வருவா?"ன்னு சொன்னாங்க. சேறு எடுத்ததெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல, சார்ஜ் லைட்டு வச்சுக்கிட்டு. வெள்ள நிவாரணம் 6000 ரூபாய்க்கு ஊரே டோக்கன் வாங்கி ரேஷன் கடைல நிக்கும்போது இவங்க வீடு வீடாக் காய்ச்சல் கணக்கு எடுத்துட்டு இருந்தாங்க, கடைசி நாள்லதான் போயி வாங்குனாங்க. எம்.டி.எம். அக்காவோட குளுக்கோமீட்டர் வெள்ளத்துல போனதுக்கு எழுத்துல விளக்கம் கேட்டு ஆபீஸ்லருந்து சொல்லியிருக்காங்க. அத அவங்க என்கிட்டத்தான் எழுதித் தரச் சொன்னாங்க, "வீடு இடிந்ததால் கருவி தொலைந்தது"ன்னு என் கையால எழுதுனேன், எழுதும்போதே எனக்குக் கை நடுங்கிட்டு. அந்த அக்காக்குச் சம்பளம்னே பேரு கெடையாது, ஊக்கத்தொகதான். ஊருக்குள்ள பிரஷர் சுகர் பாக்குறது பூரா அவங்க கையிலதான் இருக்கு.

நாலு நாள் தொடந்து டூட்டி பாத்த அந்த ஸ்டாஃப் நர்ஸ் ஏப்ரல்ல வேலைய விட்டுட்டு கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. மழ சத்தம் கேட்டா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குதுன்னு நர்சம்மாட்ட சொல்லியிருக்காங்க. எங்களுக்கெல்லாம் மனசுக்குத் தைரியம் சொல்ல ஆள் அனுப்புனாங்க, வந்தாங்க, பேசுனாங்க, நல்லது. எங்களப் பாத்துக்கிட்டவங்கட்ட வந்து "நீ எப்டிம்மா இருக்க"ன்னு ஒருத்தரும் உக்காந்து கேக்கல. அவங்க எடம் காலியாகி புது ஆளு வர எட்டு மாசம் ஆச்சு, அந்த எட்டு மாசமும் ராத்திரி பிரசவ வலின்னு போனா ஸ்ரீவைகுண்டத்துக்குத்தான் அனுப்புனாங்க. ஒரு நர்ச நாம பாத்துக்கலன்னா கடைசில நஷ்டம் எங்க ஊருப் பிள்ளத்தாச்சிக்கு.

மாறுன விசயமும் இருக்கு. ஜெனரேட்டர இப்ப ஆளுயர மேட கட்டி மேல ஏத்தியாச்சு. மருந்து ரூம்ல கீழ் ரெண்டு தட்டுல இப்ப பேப்பரும் பஞ்சும்தான், மருந்தெல்லாம் மேல. ஐ.எல்.ஆர். வச்ச ரூமையும் மாடிக்கு மாத்திட்டாங்க. இதெல்லாம் சரி. ஆனா ஆளுங்களுக்கு என்ன மாறுச்சுன்னு பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல. டூட்டில மாட்டிக்கிட்டவங்க குளிச்சு மாத்திக்க ஒரு ரூம், ரெண்டு செட் துணி, ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு கேஸ் அடுப்பு, இத அக்டோபர் பொறக்கும்போதே மாடில வச்சிரலாம், பெரிய காசு ஆகாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இந்தப் பக்கம் ஒருத்தரும் இருக்குற மாதிரி மழக்காலத்து டூட்டி போடலாம், பாலம் போனாலும் ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும். வெள்ளம் வடிஞ்சதும் கேம்ப் போட ஆள் அனுப்புறப்பவே, உள்ளூர் ஆளுங்க பத்து நாள் வீட்டுக்குப் போறதுக்கு மாத்து ஆளும் சேத்து அனுப்புங்க. எம்.டி.எம். அக்காமாருக்கு நிலையான சம்பளம் குடுங்க. தொலைஞ்ச மெசினுக்கு விளக்கம் கேக்காதீங்க, புது மெசின் குடுங்க.

2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல்ல விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல 51 சென்டிமீட்டர்னு நியூஸ்ல பாத்தப்போ, அங்க அந்தச் சனிக்கெழம நைட் டூட்டில எந்தப் பொண்ணு மாட்டிருக்கோ, அதுக்கு மாத்துத் துணி இருக்கோ என்னமோன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. முன்னெல்லாம் மழ செய்தி பாத்தா இப்டித் தோணாது.

அடுத்த மழ சீசன் வந்துட்டு. போன வாரம் போனப்போ நர்சம்மா புது ரெஜிஸ்டருக்கெல்லாம் பாலிதீன் அட்ட போட்டுட்டு இருந்தாங்க, அத அவங்க சொந்தக் காசுல வாங்குனது. நான் ஒரு ரோல் வாங்கிக் குடுத்தேன், நீங்க உங்க ஊரு சென்டருக்குப் போறப்போ கேட்டுப் பாருங்க, இந்த மாதிரி சின்னச் சின்ன சாமான் ஏதாவது தேவையா இருக்கும்.

எங்க மயினி பிள்ளைக்கு வர்ற டிசம்பரோட ரெண்டு வயசு, அதுக்கு ஒண்ணரை வயசு ஊசி மிச்சம் இருக்கு, காய்ச்சல்னு தள்ளிப் போயிட்டு, வர்ற புதன்கெழம கூட்டிட்டுப் போறோம். நீங்களும் போறதா இருந்தா பத்து மணிக்கு முன்னாடி போயிருங்க, அதுக்கு மேல கூட்டம். தடுப்பூசி அட்டைய எடுத்துட்டுப் போங்க, வெள்ளத்துல போயிருந்தா போனதுன்னு சொல்லுங்க, பிள்ள பொறந்த தேதியச் சொன்னா போதும், எந்தெந்த ஊசி போட்டாச்சுன்னு அவங்களே பாத்துப் புது அட்ட எழுதித் தருவாங்க.